பக்கத்துச் சீட்டு பிரேக்

அரசாங்கம் கார்களை எப்படி நேசிக்கிறது என்பதை அந்தத் தெருவில் முழுசாகப் புரிந்துகொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் கார் ஓட்டும் உரிமம் இல்லை.

முன்பு இருந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஊரில் பாதிப் பேர் உரிமம் வாங்கியதற்கு அவர் காரணம். மீதிப் பேர் இன்றும் நடந்தே போவதற்கும் அவர்தான் காரணம்.

பயிற்சிக் காரில் பக்கத்துச் சீட்டுக்காரரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். மாணவர் தடுமாறும்போது வாத்தியார் மிதிப்பதற்காக வைத்தது. மற்ற வாத்தியார்கள் ஆபத்து வந்தால் மிதிப்பார்கள். இவர் ஆபத்து வரலாம் என்று தோன்றினாலே மிதிப்பார். தோன்றாவிட்டால், ஏன் தோன்றவில்லை என்ற சந்தேகத்தில் மிதிப்பார். அப்படித்தான் அவர் பிரேக் வாத்தியார் ஆனார். கேலியாக வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். தன் காரில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதை, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார். உண்மைதான். அவரிடம் படித்தவர்கள்தான், எப்படியோ தேர்வில் தேறி, சொந்தக் கார் வாங்கிய முதல் வாரமே வீட்டுச் சுவரில் போய் இடித்தார்கள். பக்கத்திலிருந்து யாராவது மிதிப்பார்கள் என்று அவர்களுடைய கால் காத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கோ அலற மட்டும்தான் தெரிந்தது.

பிரேக் காலுக்கு, கைக்கு ஓர் இரும்பு ஸ்கேல். ஸ்டீயரிங்கை ஒழுங்காகப் பிடிக்காத விரல்களின் கணுவில் அது இறங்கும். படித்தவன், பணக்காரன் என்ற பேதமெல்லாம் அந்த ஸ்கேலுக்குக் கிடையாது. ஊரிலேயே பெரிய டாக்டர் ஒருவரிடம், இந்தக் கையாலா ஆபரேஷன் பண்றீங்க, பிழைச்சவங்க எல்லாம் ஆயுசு கெட்டியானவங்கதான் என்றார். டாக்டர் மறுநாள் வரவில்லை. உதவி வாத்தியார் என்று ஒருவரைப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்தார். மாணவர்கள் முன்னால் அவரை அறிமுகப்படுத்தும்போது, ‘இவன் ஸ்டீயரிங் பிடிக்க லாயக்கில்லாதவன், வேற வேலை தெரியாததால இங்க இருக்கான்’ என்பார். உதவி வாத்தியார் சிரித்துக்கொள்வார். சம்பளம் மாதக் கடைசியில் வரும், எந்த மாதத்தின் கடைசி என்பது மட்டும் நிச்சயமில்லை.

வீட்டில் மூன்று பேர். அவர், வாத்தியாரம்மா, ஒரே மகள். மகளை அவர் ஊசி என்று கூப்பிடுவார். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள். கிழவர்கள் கையில், பச்சைக் குழந்தைகள் கையில், கண்ணுக்கே தெரியாத நரம்பை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். முன்பின் தெரியாதவர்கள் அவளிடம் கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். பெற்ற தகப்பன் மட்டும் அவள் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுக்கவில்லை.

கொடுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பத்தொன்பது வயதில் மூன்று நாள் கொடுத்தார். மூன்றாம் நாள், நாலு தெரு கூடும் இடத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம் பக்கத்துச் சீட்டு பிரேக் என்பது பின் சீட்டில் இருந்த இரண்டு மாணவர்களுக்கும் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் அடுத்த அடி யாருக்கு என்பதும் தெரியும்.

“வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க,” என்றார் பிரேக் வாத்தியார். “இறங்கு. உனக்கு வராது.”

நடு ரோட்டில் இறக்கிவிட்டார். சுற்றிலும் ஹார்ன் அலறிக்கொண்டிருக்க, அவள் செருப்பைப் பார்த்தபடி வீடு வரைக்கும் நடந்தாள். அதன் பிறகு அவளுக்கு வேலைக்குப் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கல்யாணப் பேச்சு வந்த இரண்டு மூன்று இடங்களையும் வாத்தியார் பிரேக் போட்டு நிறுத்தியதாக வாத்தியாரம்மா சொல்வாள். அதை அவள் கணவர் தூங்கும்போதுதான் சொல்வாள்.

இப்படி எல்லாரையும் நிறுத்திக்கொண்டிருந்தவரை ஒரு நாள் கண் நிறுத்தியது. உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். முதல் வரியைப் படித்தார். மற்ற வரிகளையும் படித்தார், ஆனால் அங்கே எழுதியிருந்ததை அல்ல. உரிமம் போனது. இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றில் முற்றிப்போய் உள்ளே அழுத்தமும் ஏறியிருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் பார்வை தங்கும், தள்ளிப்போட்டால் எந்த உத்தரவாதமும் தர முடியாது என்றார் தனியார் மருத்துவமனைக் கண் டாக்டர். செலவையும் சொன்னார். அதைக் கேட்டதும் வாத்தியாருக்கு எல்லாம் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்தது.

பயிற்சிப் பள்ளியை மூடியாகிவிட்டது. உதவி வாத்தியார் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த போட்டிப் பள்ளியில் சேர்ந்து, அங்கே வெறும் வாத்தியார் ஆகிவிட்டார். கையிருப்பு என்று சொல்ல வாத்தியாரிடம் மிஞ்சியது அந்தக் கார்தான். கூடவே, அதைப் பற்றிய சட்ட ஞானம்.

சட்டம் இதுதான். காரைப் பதிவு செய்யும்போது அரசாங்கம் ஒரு பெருந்தொகையைக் கட்டணமாகப் பிடுங்கிக்கொள்ளும். கார் இளமையிலேயே செத்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். ஐந்து வயதுக்குள் செத்தால் முக்கால் பங்கு. அப்புறம் ஒவ்வொரு வயதுக்கும் பங்கு ஒரு படி இறங்கி, பத்தாம் வயதில் பாதியில் வந்து நிற்கும். பத்து முடிந்து ஒரு நாள் கூடினாலும் பூஜ்யம். அதோடு, கிழட்டுக் காரை வைத்திருக்கும் குற்றத்துக்காக வருட வரியும் ஏறும். தாய் தகப்பனுக்கு நூறு வயசு இருக்கட்டும் என்று வாழ்த்துகிற அதே வாய், காருக்குப் பத்துக்குள் சாவு வரட்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். சாவும் முறையாக இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே அரசு அனுமதி பெற்ற உடைப்பு யார்டுக்குச் சொந்தக்காரரே வந்து ஒப்படைத்து, வாசல் கணினியில் பதிவு ஏறினால்தான் பதிவு நீக்கம், பணம். வீட்டு வாசலிலேயே துருப்பிடித்துச் செத்தால் அது தற்கொலைக் கணக்கு, சல்லிக்காசு கிடையாது.

இதை வாத்தியார் ஆத்திச்சூடி மாதிரி ஒப்பிப்பார். தெருக்கோடி டயர் கடைக்காரர் தன் காரை எட்டாம் வயதிலேயே ஒப்படைத்துவிட்டு வந்தபோது, வாசலில் நின்று கூறுகெட்டவனே என்று திட்டினார். டயர் கடைக்காரருக்குத்தான் பங்கு அதிகமாகக் கிடைத்தது. அது வாத்தியாருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் எட்டாம் வருடத்தின் நடுவில் கொடுத்தது மடத்தனம் என்பது அவர் கட்சி. ஒரு வயது முழுக்கப் பங்கு ஒன்றேதான். முதல் நாள் கொடுத்தாலும் கடைசி நாள் கொடுத்தாலும் காசு மாறாது. புத்திசாலி கடைசி நாளில்தான் கொடுப்பான்.

வாத்தியாரம்மாவுக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. விளங்காத காரணத்தாலேயே அவளுக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டது.

“என்னங்க, எப்பக் கொடுத்தாலும் அதே காசுதானே? இப்பவே கொடுத்துட்டுக் கண்ணைப் பாருங்களேன்.”

“அதே காசுதான். அதுக்குத்தான் சொல்றேன். அதே காசுன்னா எதுக்கு இப்பக் கொடுக்கணும்? கடைசி நாள் வரைக்கும் கார் நம்மளோடது.”

“யாருமே ஓட்டறதில்லையே?”

“ஓட்டலைன்னா? இருக்குதுல்ல?”

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று ஒரு பழமொழியையும் எடுத்துப்போட்டார். காரை ஒப்படைப்பது பந்தியா படையா என்பதில்தான் அந்த வீட்டில் கருத்து வேறுபாடு.

கார் அசையாமல் வாசலில் நின்றது. தினமும் காலையில் வாத்தியார் அதைத் துடைப்பார். பிறகு பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், காய்கறி வண்டி, தெருநாய் என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எது மங்கலாக நகர்ந்தாலும் இந்தப்பக்கம் கால் மிதிக்கும். நின்றிருக்கும் காரை நிறுத்துவதில் ஒரு வசதி, தவறே நேராது. அந்த மாதங்களில் முற்றிய கண்ணின் நோய் மற்றக் கண்ணுக்கும் வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் கொடுத்த தேதிகளை வாத்தியார் இரண்டு முறை தள்ளிப்போட்டார்.

கடைசி நாளும் வந்தது. யாரிடமும் உதவி கேட்பதை வாத்தியார் கௌரவக் குறைவாக நினைத்ததால், வாத்தியாரம்மாதான் உதவி வாத்தியாரிடம் முன்கூட்டியே பேசியிருந்தாள். காலையிலேயே வந்து ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று அவரும் சொல்லியிருந்தார். வாத்தியார் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். வெயில் வாசலைத் தாண்டி, வரவேற்பறைக்குள் வந்து, நாற்காலிக் காலைத் தொட்டது. உதவி வாத்தியார் வரவில்லை. எதிர்ப்பள்ளி வாசலில் அவர் நின்று டீ குடிப்பது வாத்தியாரம்மாவுக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. போன் செய்தாள்.

“மன்னிச்சுக்குங்கம்மா,” என்றார் அவர், அதே பழைய பணிவோடு. “நான் ஸ்டீயரிங் பிடிக்க லாயக்கில்லன்னு சார் பன்னண்டு வருஷம் சொன்னாரு. கடைசி நாள்ல அவர் வாக்கைப் பொய்யாக்க மனசு வரல.”

டீயைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போனார்.

இழுவை வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டார்கள். வருடக் கடைசியோடு வயது முடிகிற கார்கள் ஊரில் ஏராளம். இவரைப் போலவே புத்திசாலிகளும் ஏராளம். அத்தனை வண்டியும் நாளைக்குத்தான் காலி என்றார்கள். டயர் கடைக்காரரிடம் வாத்தியாரம்மா போய்க் கேட்டாள். நான் கூறுகெட்டவனாச்சே, என்னை நம்பிக் காரைக் கொடுக்கலாமா என்று விசாரித்துவிட்டு அவர் டயருக்குக் காற்றடிக்கப் போனார். பழைய மாணவர்கள் சிலரையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். ஒருவருக்கும் நேரமில்லை.

அன்று மகளுக்கு வார விடுமுறை. அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய், கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்து தகப்பனின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை மூக்கு நுனி வரை கொண்டுபோனார். அட்டை என்று தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை.

“என்ன இது?”

“லைசென்ஸ். என்னோடது. ஆறு வருஷமாச்சு.”

எங்கே படித்தாய் என்று கேட்டார். எதிரில் என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். உங்க உதவி வாத்தியார், அப்பவே ஞாயித்துக்கிழமையில உங்களுக்குத் தெரியாம அங்க போவாரு என்றாள். அவர் அட்டையைத் திருப்பி மறுபடி மூக்கு நுனிக்குக் கொண்டுபோனார். பிறகு வாத்தியார், காசு கொடுத்து வாங்கியிருப்பாய், கார் ஓட்டுகிற முகமா இது என்றார்.

“இன்னிக்கு ஒண்ணு போயாகணும்ப்பா,” என்றாள் அவள். “கார் போகணுமா, உங்க மானம் போகணுமா? சீக்கிரம் சொல்லுங்க. யார்டு அஞ்சு மணிக்கு மூடிடும்.”

வாத்தியாரம்மா கணவரின் முகத்தைப் பார்க்காமல் கார் சாவியை எடுத்து மகளிடம் கொடுத்தாள். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் செய்த ஒரே புரட்சி அது.

மகள் சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கிளம்பினாள். கார் வாசலைத் தாண்டியது. தெரு முனையில் எத்தனையோ வருடமாக நிற்கும் சக்கரமில்லாத தள்ளுவண்டியைப் பார்த்து வாத்தியார் முதல் பிரேக்கை மிதித்தார். கிளட்ச்சை அவர் தொடுவதில்லை. பிரேக் என் வேலை, கிளட்ச் உன் வேலை என்பது அவர் பாடத்தின் முதல் வரி. இன்ஜின் உலுக்கிவிட்டு நின்றது.

மறுபடி கிளப்பினாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு குடை விரிந்தது, நின்றது. சிக்னல் பச்சையாகி முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்தன, அவருக்கு அது ஏதோ சிவப்பாகப் பட்டது, நின்றது. பின்னால் ஹார்ன்கள் பத்தொன்பது வயதில் கேட்ட அதே குரலில் அலறின. மேம்பாலத்தில் ஏறுவதற்குள் இப்படி எத்தனை முறை நின்றது என்று எண்ணுவது நமக்கு வேண்டாம், அவள் எண்ணினாள்.

“காலை எடுங்கப்பா.”

“எடுத்தா நீ போய்ச் சேர்ந்துடுவ. கூட நானும்.”

பரிசோதனைக் கூடத்தில் அடம்பிடிக்கும் நோயாளிகளிடம் பேசுகிற குரல் அவளுக்கு வந்தது. “ஒண்ணும் ஆகாது. தளர்த்திக்குங்க. வேற பக்கம் பாருங்க.” நோயாளிகள் கேட்பார்கள். இவர் நோயாளி இல்லையே, வாத்தியார்.

மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை ஓரங்கட்டி, பின் சீட்டில் போய் உட்காருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். பின் சீட்டு பணக்காரனுக்கும் பிணத்துக்கும், நான் ரெண்டும் இல்லை என்று அவர் நகர மறுத்தார். அடுத்த திருப்பத்தில் அவள் தடம் மாறியபோது ஸ்கேல் அவள் விரல் கணுவில் விழுந்தது. வலித்ததாக அவள் முகம் காட்டவில்லை. ஒற்றைக் கையால் அதை அவர் பிடியிலிருந்து உருவி, ஜன்னலை இறக்கி, வெளியே போட்டாள். பின்னால் வந்த லாரி அதன் மேல் ஏறிய சத்தம் இருவருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் நன்றாகப் போனது. ஸ்கேல் போன அதிர்ச்சியில் வாத்தியாரின் கால் தன் கடமையை மறந்திருந்தது. தொழிற்பேட்டை முடிந்தது, சாலை அகன்றது, யார்டின் கிரேன் தூரத்தில் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது. நேரமும் கையில் இருந்தது. கண் ஆபரேஷன் கிரேனின் உயரத்துக்கு எழும்பிக் கூப்பிடுவது போல அவளுக்குப் பட்டது. தகப்பனிடம் சொல்லவும் செய்தாள். “வந்துட்டோம்ப்பா. அதோ.”

அதோ என்ற சொல்லுக்கு வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்த்தது கிரேனை அல்ல. சாலையோரத்தில் ஒரு மனிதன், ஆரஞ்சுச் சட்டை, கையில் கொடி. காருக்கு முன்னால் பாய்வதற்குத் தயாராகக் கையை வீசுகிறான்.

முப்பது வருட அனுபவமும் ஒரே காலில் இறங்கியது. கார் நட்டுவைத்தது போல நின்றது. பின்னால் வந்த பால் வண்டி அப்படி நிற்கவில்லை.

சத்தம் பெரிது, சேதம் சுமார்தான். காரின் பின்பக்கம் உள்வாங்கி, பம்பர் தொங்கி டயரில் உரசியது. யாருக்கும் அடியில்லை. பால் வண்டிக்காரர் இறங்கி வந்து, நட்ட நடு ரோட்டில் எதற்கு பிரேக் போட்டீர்கள் என்று மகளிடம் கேட்டார். அவள் போடவில்லை என்று சொல்லி, பக்கத்துச் சீட்டைக் காட்டினாள்.

“ஓட்டறது நீங்க, பிரேக் போடறது அவரா?” பால் வண்டிக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். “இது காரா, குடும்பமா?”

வாத்தியார் இறங்கினார். விரலை நீட்டி, அந்த ஆள் மேல் இவள் ஏற்றப் பார்த்தாள், நான் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு ஓர் உயிர் போயிருக்கும் என்றார். பால் வண்டிக்காரர் அந்தத் திசையைப் பார்த்தார். சாலை வேலை நடக்கிற இடத்தில், வண்டிகளை எச்சரிக்க நிறுத்தியிருந்த பொம்மை. பேட்டரியில் ஓடும் கை. ஆரஞ்சுச் சட்டைக்கு மேலே பிளாஸ்டிக் தலை. அது இன்னும் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தது.

பால் வண்டிக்காரர் நிதானமாகப் பொம்மை அருகில் போனார். கையைக் கூப்பினார்.

“ஐயா, பார்க்காம வந்துட்டோம். மன்னிச்சுக்குங்க.”

சாலை வேலை ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். மகளும் சிரித்தாள் என்பதை வாத்தியார் காதால் அறிந்தார். அவள் நிறுத்த முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில் அழுகை இருந்ததா என்று கேட்டால், பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பால் வண்டிக்காரர் தன் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். படம் எடுக்க வேண்டும், காப்பீட்டு விவரம் வேண்டும், முதலாளி போனை எடுக்க வேண்டும். எல்லாம் முறையாக நடந்தது. சாலை வேலை ஆட்கள் கடப்பாறையால் பம்பரைப் பெயர்த்துப் பின் சீட்டில் போட்டார்கள். கார் யார்டு வாசலுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. கிளார்க் பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

கதைகளில் இந்த இடத்தில் கிளார்க் பழைய மாணவராக இருப்பார். ஸ்கேலில் அடிவாங்கிய விரலைக் காட்டிப் பழிவாங்குவார், அல்லது காலைத் தொட்டுக் கதவைத் திறப்பார். இவர் சைக்கிளில் வருகிறவர். வாத்தியார் யார் என்றே அவருக்குத் தெரியாது.

கணினி அஞ்சு மணிக்கு அதுவே மூடிக்கொள்ளும், தன் கையில் ஒன்றுமில்லை என்றார். வாத்தியார் விபத்தைச் சொன்னார். காலை வரை ஒரு கீறல்கூட இல்லாத கார் என்றார். பத்து வருடம் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததைச் சொன்னார்.

“கீறலை யாரு சார் கேட்டா?” என்றார் கிளார்க். “உள்ள வந்தா நாங்க நசுக்கத்தான் போறோம். நீங்களே நசுக்கி மடிச்சுப் பையில போட்டுக் கொண்டாந்தாலும் காசு உண்டு. அஞ்சு மணிக்குள்ள வந்திருக்கணும்.”

“நாளைக்கு?”

“நாளைக்கு இரும்பு விலை. கிலோ கணக்கு.”

வாத்தியார் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தார்: எந்த வயதில் எந்தப் பங்கு, எப்போது படி இறங்கும், எப்போது நிற்கும். ஒரு சொல் பிசகவில்லை. கிளார்க் சைக்கிளைத் தள்ளியபடியே பொறுமையாகக் கேட்டார். கதவுக்குப் பின்னால் கிரேன் அன்றைய கடைசிக் காரைத் தூக்கிக்கொண்டிருந்தது. யாரோ நேரத்துக்கு வந்தவருடைய கார்.

“என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு சார்,” என்று சொல்லிவிட்டுக் கிளார்க் பெடலை மிதித்தார்.

திரும்பி வரும்போது வாத்தியாரின் கால் ஒரு முறைகூட பிரேக்கைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வந்தார். போகும்போது ஆன நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. இருட்டுவதற்குள் வீட்டு வாசலில் நின்றார்கள். அவள் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறாள் என்பதை, எல்லாம் முடிந்த பிறகு, அவர் உடம்பால் தெரிந்துகொண்டார். அதைச் சொல்லவில்லை. தெரு முனையில் கொஞ்சம் மெதுவாகத் திரும்பியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் சமையலறையில் தாயும் மகளும் பேசியது கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெளிவாகக் கேட்டது. கண் மங்கினால் காது கூர்மையாகும் என்பார்கள். சில சமயம் அது அனாவசியமான உபகாரம்.

“உங்கிட்ட சேமிப்பு இருக்குல்லடி?”

“இருக்கு. காருக்கு வரி கட்டணும். இனிமே கூடுதல் வரி.”

“யாருக்குடி கார்?”

“எனக்கு.”

வாத்தியாரம்மா பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. “அப்பாவுக்குக் கண்ணு போயிடும்டி.”

“அரசு ஆஸ்பத்திரி இருக்கும்மா. வரிசைல நின்னா கூப்பிடுவாங்க. நான் நிக்கலையா, பஸ்ஸுக்கு? பத்தொன்பது வயசுலேர்ந்து.”

வாத்தியாரம்மா அடுப்பை அணைத்தாள். மகள் பக்கம் நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிறவர்களைப் போலக் கல்நெஞ்சக்காரர்கள் உலகத்தில் கிடையாது.

அந்த வாரமே கார் மகள் பெயருக்கு மாறியது. கையெழுத்துப் போட வேண்டிய கோடு வாத்தியாருக்குத் தெரியவில்லை. மகள் அவர் கையைப் பிடித்து, நரம்பு தேடுகிறவள் போல மெதுவாக நகர்த்தி, சரியான இடத்தில் பேனாவை வைத்தாள். எல் போர்டு பிடுங்கப்பட்டது. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினார். பிறகு முன்பக்கம் வந்து படுத்து, பக்கத்துச் சீட்டுக் காலடியிலிருந்த கிளட்ச்சையும் பிரேக்கையும் கழற்றினார். அவற்றை என்ன செய்வது என்று கேட்டார். அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள் மகள். இரண்டையும் பழைய துணியில் சுற்றி மெக்கானிக் வாத்தியாரின் மடியில் வைத்தார். இரும்பு விலைக்கு நல்ல காசு போகும் சார், கனமா இருக்கு என்று ஆறுதலும் சொன்னார்.

அரசு ஆஸ்பத்திரி வரிசை நியாயமானது. யாரையும் முந்த விடாது. வாத்தியாரின் முறை வந்தபோது ஒரு கண்ணுக்கு இனி எதுவும் செய்வதற்கில்லை என்றார்கள். மற்றதற்கும் பெரிய நம்பிக்கை தராமல் மருந்து ஊற்றி, மாதாமாதம் வரச் சொன்னார்கள். மகள் அழைத்துப் போகிறாள். அதில் அவள் ஒரு முறைகூடத் தவறியதில்லை. தெருவில் அவளைப் பார்த்து, பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்கிறார்கள். பின் சீட்டில் உட்காருங்கள் என்று இப்போது அவள் கெஞ்சுவதில்லை. அவருக்குப் பழக்கமான சீட்டின் கதவைத் திறந்துவிடுகிறாள். அவரும் ஏறிக்கொள்கிறார். காலடியில் மெக்கானிக் போட்ட புது ரப்பர் விரிப்பு. பிரேக் இருந்த இடத்தில் அது அதற்குள்ளாகவே தேய்ந்து வெள்ளையாகிவிட்டது.

சாலை காலியாக இருக்கிற நேரங்களில், மேம்பாலத்தைத் தாண்டியதும், அவள் சில சமயம் சாதாரணக் குரலில் சொல்வாள்.

“அப்பா, லாரி.”

கால் பாய்ந்து விரிப்பை மிதிக்கும். முழங்கால் விறைக்கும். லாரியும் இல்லை, பிரேக்கும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்பாள்.

“புடிச்சுதா?”

“ம்,” என்பார் பிரேக் வாத்தியார். “இல்லன்னா நீ போய்ச் சேர்ந்திருப்ப.”